விவரக் கட்டத்தில் பாக்கியராஜ்

சிங்காநல்லூர் பம்ப் கம்பெனியில், கம்ப்யூட்டரில் இருக்கும் கணக்கை இன்டர்நெட்டில் வைக்கும் கிளவுடுக்கு மாற்றச் சொல்லிச் சாராளை இரண்டு வருடமாக நச்சரித்தார்கள். அவளும் சளைக்காமல் சாக்குச் சொன்னாள். நெட் போய்விடும், பாஸ்வேர்டைத் திருடிவிடுவார்கள் என்றாள். ஐம்பது வயசு அக்கவுண்டண்டுக்குப் புதுசு என்றாலே பயம் என்று ஆபீஸே முடிவு கட்டிவிட்டது. பயமாவது ஒன்றாவது! அந்தப் புது சாஃப்ட்வேரை அவள் வீட்டிலேயே கற்று முடித்திருந்தாள்.

காரணம் பாக்கியராஜ். அவள் புருஷன். அதே ஆபீசில் எதிர் நாற்காலி அக்கவுண்டண்ட். மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். நேருக்கு நேர் கொஞ்சத் தெரியாத மனுஷன். என்ட்ரி போடும்போது விவரக் கட்டத்தில் டீசல் செலவு என்று எழுதிவிட்டு, பக்கத்தில் அவளுக்கு ஒரு வரி சேர்ப்பான். ‘சாரா, இன்னிக்கு அந்தப் பச்சைச் சேலை நல்லாருக்குது.’ ‘கோவமா? பஸ் ஸ்டாண்டுல பன்னு வாங்கித் தாரேன்.’ சாயங்காலம் சரிபார்ப்பது அவள் வேலை. படித்துவிட்டு முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வாள். அவன் போன பிறகு, ஒரு வரியாவது படிக்காமல் அவள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை.

ஒருநாள் முதலாளி மோகன்குமார் கறாராகச் சொல்லிவிட்டான்.

“நாளைக்கு ஏத்தறாங்க அக்கா. பழைய வருசத்தையும் முழுசா ஏத்தச் சொல்லிருக்கறேனுங்க.”

சாராளுக்குக் குப்பென்று வியர்த்தது. இனி முதலாளி போனிலும் ஆடிட்டர் போனிலும் பச்சைச் சேலை தெரியுமே! மானம் போய்விடும். தினசரி பேக்கப் எடுக்கும் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துக்கொண்டாள். பிறகு கம்ப்யூட்டரில் அவன் வரிகளைத் தேடித் தேடி அழித்தாள். கண்ணீர் மறைத்தது. நகல் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஆறு மணிக்கு, பதினெட்டு வருடப் பழக்கத்தில், அன்றைய பேக்கப் நகலை அதே பென்டிரைவில் எடுத்தாள். பழையதை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கலாமா என்று கேட்டது. தினமும் கேட்பதுதான். கை தானாக ‘ஆம்’ அழுத்தியது.

அழுத்திய பிறகுதான் உறைத்தது. பென்டிரைவைத் திறந்து திறந்து பார்த்தாள். அவள் அழித்துவைத்த கணக்குத்தான் இருந்தது. வேறு நகல் எங்கும் கிடையாது. பாவி, என் கையாலேயே பண்ணிவிட்டேனே என்று மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள்.

மறுநாள் மதியம் மோகன்குமார் போனும் கையுமாக வந்தான். போனில் பழைய கணக்கைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான்.

“ஏனுங்க அக்கா, அண்ணன் உங்களுக்கு எழுதுனதெல்லாம் காணமுங்களே? நான் எப்பவோ படிச்சிருக்கறேனுங்க, ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லீங்க. பழைய கம்ப்யூட்டர் எப்ப வேணாலும் படுத்துருமுன்னாங்க. அதோட அதும் போயிருமேன்னு பயந்துதானுங்க மாத்தச் சொன்னேன். நீங்க ஊட்டுல இருந்தே படிச்சுக்கலாமுங்களே.”