மாப்பிள்ளையைத் திட்டி ஜெயித்த கோப்பை

அந்த லாண்டரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்குக் கோச்சாக இருந்தவர் வீட்டோடு மாப்பிள்ளை. வேன் ஓட்டுவதுதான் அவருடைய வேலை. ஓட்டல்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அழுக்குத் துணி மூட்டைகளை ஏற்றி வருவார், வெளுத்ததைத் திரும்பக் கொண்டுபோய் இறக்குவார். பள்ளிக்கூட நாட்களில் அவர் கூடைப்பந்து ஆடியிருக்கிறார் என்று யாரோ சொல்லக் கேட்டு, மாமியார் அவரைக் கோச்சாக்கிவிட்டார். ஆடினார் என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அணியில் ஐந்தே பேர். மாமியார், அவருடைய மூன்று மருமகள்கள், பிறகு மாப்பிள்ளையின் மனைவியான மகள். மாற்று ஆள் கிடையாது. நகரத்துத் தொழில் நிறுவனங்களுக்கிடையே போட்டி என்று நோட்டீஸ் வந்தபோது, முதல் பரிசு துணி உலர்த்தும் மெஷின் என்று மாமியார் புரிந்துகொண்டுவிட்டார். நோட்டீஸின் அடியில் உலர்த்தும் மெஷின் கம்பெனி கொடுத்திருந்த விளம்பரம் அது. பரிசு வெறும் கோப்பைதான் என்று தெரிந்தபோது பெயர் கொடுத்தாகிவிட்டது. "சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆடிட்டு வந்துடுவோம்" என்றார் மாமியார்.

அவர்களுக்குக் கூடையில் பந்து போடத் தெரியாது. சின்ன மருமகள் மட்டும் வேனுக்குள் மூட்டை வீசுவதுபோல இரண்டு கையாலும் கீழேயிருந்து வீசுவாள். சில நேரம் அது உள்ளே விழும். ஆனால் அவர்களைத் தாண்டி எதிரணியாலும் பந்து போட முடியவில்லை.

காரணம் அவர்கள் வீடு. லாண்டரிக்கு மேல்மாடியில் ஒரு நடை, ஒரு குளியலறை, இரண்டு பேர் ஒருவரையொருவர் தாண்ட முடியாத ஒரு சமையலறை. அதில் பத்துப் பேர் குடித்தனம். கொதிக்கிற பாத்திரத்தோடு பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். ஒருத்தி அடுப்பைவிட்டு நகர்ந்தால் அடுத்தவள் கை கரண்டியில் இருக்கும். மைதானத்திலும் அப்படியே. ஒருத்தியை ஏமாற்றிவிட்டு எதிராளி உள்ளே வந்தால் இன்னொருத்தி அங்கே ஏற்கெனவே நின்றிருப்பாள். அவள் விட்டுவந்த இடத்தை மூன்றாமவள் அடைத்திருப்பாள். எல்லாவற்றுக்கும் வாய் ஓயாத பேச்சுதான் துணை. "பின்னால வர்றேன்", "நீ அதப் பாரு, நான் இதப் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

மாமியார் கூடைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆட்டம் முடியும்வரை நகரமாட்டார். தடுக்கிற ஆள் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. வேகமாக ஓடி வருகிறவர்கள் அவர்மேல் மோதினால் ஃபவுல் அவர்களுக்குத்தான். அரையிறுதியில் ஆறுக்கு நாலு என்று ஜெயித்தார்கள். ரெஃப்ரி இரண்டு தடவை கொட்டாவி விட்டார்.

இறுதிப் போட்டியன்று காலையில்தான் வினை வந்தது. வெள்ளை ஜெர்சிகள் ஐந்தும் மெஷினிலிருந்து ரோஸ் நிறத்தில் வெளியே வந்தன. அதுவும் ஒரே ரோஸ் இல்லை. மூத்தவளுடையது வெங்காயத்தோல் மாதிரி, நடுவளுடையது ஈறு மாதிரி, மாமியாருடையது நல்ல பளபளவென்று.

"துணியப் பிரிச்சுப் போட்டது யாரு?" என்றாள் மூத்த மருமகள்.

"மெஷின்ல போட்டவங்களுக்குக் கண்ணு இல்லையா?" என்றாள் நடு மருமகள்.

"ஊர்த்துணி எல்லாம் வெளுக்கறோம், நம்ம துணி இந்த லட்சணம். வெளிய சொன்னா கடைக்கு எவன் வருவான்?" என்றார் மாமியார்.

"எனக்கென்ன தெரியும், நான் வண்டிக்காரன்" என்றார் மாப்பிள்ளை.

அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் பேசவில்லை. வேனில் துணி மூட்டைகளுக்கு நடுவே ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்கார்ந்து வந்தார்கள்.

எதிரணி ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகம். அவர்களிடம் ஒரு நெட்டையான பெண் இருந்தாள். க்ளெய்ம் பிரிவில் வேலை. எல்லாரும் கொக்கு என்றுதான் கூப்பிட்டார்கள், அவளும் திரும்பிப் பார்த்தாள். பேச்சு நின்றுபோன லாண்டரி அணி அவள் முன்னால் பொலபொலவென்று உதிர்ந்தது. மூத்தவளை ஏமாற்றிவிட்டு அவள் உள்ளே நுழைந்தபோது நடுவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். ஓடிப்போய் மறித்திருக்கலாம். 'என் ஆளு இல்ல' என்கிற முகத்தோடு நின்றாள். மாமியார்மேல் மோதாமல் தள்ளி நின்றே பந்து போடக் கொக்குக்குத் தெரிந்திருந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது இன்ஷூரன்ஸ் பதினெட்டு, லாண்டரி ஐந்து.

உடை மாற்றும் அறையில் நாலு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். மாமியாருக்குச் சுவர் கிடைக்காததால் நடுவில் நின்றார். மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"அத்தை, சாயம் போனது என் துண்டு."

"எந்தத் துண்டு?"

"வேன் கண்ணாடி தொடைக்கிற செவப்புத் துண்டு. மெஷின் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு துண்டுதானேன்னு உள்ள போட்டுட்டேன்."

நாலு முதுகுகளும் திரும்பின.

"அப்ப காலையிலேருந்து வாயத் தொறக்காம இருந்தீங்களா?" என்றாள் மனைவி.

"அக்கா, உங்கள மனசுக்குள்ள என்னென்ன திட்டினேன் தெரியுமா?" என்றாள் நடு மருமகள், மூத்தவளிடம்.

"என்ன திட்டினே?"

"அத விடுங்க. இப்ப இவரக் கவனிப்போம்."

கவனிக்க ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த வீட்டில் திட்டைப் பாதியில் நிறுத்தினால் யாருக்கும் சோறு இறங்காது. ஆகவே அதை மைதானத்துக்குள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"ஒரு துண்டத் தனியா தொவைக்கத் துப்பில்ல, வலது பக்கம் வர்றா பாரு, இவரெல்லாம் நமக்குக் கோச்சு!" என்று கத்தினாள் மூத்தவள்.

"பாத்துட்டேன்க்கா! நீங்க உள்ள போங்க, கொக்க நான் பாத்துக்கறேன். 'எனக்கென்ன தெரியும்'னு சொன்ன அந்த வாய... பின்னால ஆளு, பின்னால!"

"பின்னால நான் இருக்கேன் அண்ணி!" என்றாள் மனைவி. "கல்யாணத்தன்னிக்கே மோதிரத்தத் தொலைச்சவரு இவரு. சின்னண்ணி, பந்து மேல போகுது, கையத் தூக்குங்க!"

சின்ன மருமகள் கையைத் தூக்கினாள். பந்து அதில் பட்டு வெளியே போனது.

மூலையில் இரண்டு ஓரகத்திகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கொக்கு, பந்தை வயிற்றோடு அணைத்தபடி, "அக்கா, ரோஸ் கலர் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

"நீ சும்மா இரும்மா. இது எங்க வீட்டு விஷயம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"இல்லக்கா, பாவம் அந்த அண்ணன், தெரியாமத்தானே..." என்று அவள் நியாயம் பேசிக்கொண்டிருக்கும்போதே பந்து போடுவதற்கான நேரம் தாண்டி மணி அடித்தது.

இன்ஷூரன்ஸ் அணியின் கோச், அந்த அலுவலகத்தின் மேனேஜர், ரெஃப்ரியிடம் போய்ப் புகார் சொன்னார். ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எதிரணியைத் திட்டினால் தண்டனை உண்டு, ரெஃப்ரியைத் திட்டினால் உண்டு. சொந்தக் கோச்சைத் திட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் மாப்பிள்ளையிடம் வந்தார்.

"உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருக்கா?"

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தார். "இல்ல சார். சொல்றதெல்லாம் உண்மைதான்."

"அப்ப ஆட்டம் நடக்கட்டும்."

அந்தக் கால்பகுதி முழுக்க இன்ஷூரன்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. சின்ன மருமகளின் மூட்டை வீச்சு இரண்டு தடவை விழுந்தது. பதினெட்டுக்கு ஒன்பது.

கடைசிக் கால்பகுதிக்கு முன் மேனேஜர் தன் பெண்களைக் கூட்டினார். வெற்றியின் ரகசியம் பிடிபட்டுவிட்டது என்கிற மலர்ச்சி முகத்தில். "நீங்களும் என்னைத் திட்டுங்க. தயங்காதீங்க."

"ஐயோ சார், நீங்க ரொம்ப நல்லவர் சார்" என்றார்கள்.

"பரவால்ல, சும்மா விளையாட்டுக்கு."

ஆட்டம் தொடங்கியது. ஒரு பெண் மெதுவாக, "சார், லீவு கேட்டா நீங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறது நல்லா இல்ல சார்" என்றாள். இன்னொருத்தி, "அவளுக்காவது மூஞ்சி. எனக்குப் பதிலே வராது" என்றாள். மூன்றாமவள் மைதான எல்லைக்கே வந்து நின்று, தன் இருக்கையை ஏன் கழிப்பறைக் கதவுக்கு எதிரில் போட்டார் என்று கேட்க ஆரம்பித்தாள். மடை திறந்துவிட்டது. ஐந்து பேரும் மேனேஜரைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள். பின்னால் யார் வருகிறார்கள் என்று ஒருவரும் இன்னொருவருக்குச் சொல்லவில்லை. அவர்கள் ஒரே அறையில் எட்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். ஆனாலும் பக்கத்து மேசைக்காரிக்கு என்ன குறை என்று அன்றைக்குத்தான் காதால் கேட்டார்கள். "உனக்குமா?" என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்ற இடைவெளியில் லாண்டரிப் பெண்கள் காலியான கூடைக்குக் கீழே நின்று பந்தை எறிந்தார்கள். எறிந்ததில் பாதி பலகையில் பட்டு நேரே திரும்பி வந்தது. மீதியில் ஐந்து விழுந்தது, பத்துப் புள்ளி.

லாண்டரி பத்தொன்பது, இன்ஷூரன்ஸ் பதினெட்டு. அப்போதுதான் கொக்குக்குச் சுயநினைவு வந்தது. "ஏய், அப்புறம் பேசிக்கலாம்டி! மேட்ச்சு!" என்று கத்திக்கொண்டு பந்தைப் பறித்தாள். சில விநாடிகளே பாக்கி.

அவள் ஓடி வந்த வேகத்தில் மூத்தவள் ஒரே திருப்பத்தில் ஏமாந்துபோனாள். "போயிட்டா!" என்ற குரல் முடியுமுன் நடுவள் தன் ஆளை விட்டுவிட்டுக் குறுக்கே வந்தாள். நடுவளின் ஆளைச் சின்னவள் பிடித்தாள். சின்னவளின் ஆளைப் பிடிக்க மாப்பிள்ளையின் மனைவி ஓடினாள். யாரும் யாரையும் திட்டவில்லை, அதற்கு நேரமில்லை. "இந்தா", "வந்துட்டேன்", "விடு" என்ற மூன்றே சொற்கள்தான் கேட்டன. கொக்கு நடுவளையும் சுற்றிக்கொண்டு எம்பினாள். அவளுக்கு ஒரு நூலளவு இடம் இருந்தது. அதில் பந்து போகும், முதல் பாதி முழுக்க அப்படித்தான் போயிருந்தது. பெஞ்சில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தப் போட்டித்தொடர் முழுக்க நகராத மாமியார், அப்போது இடது பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தார்.

எதிரே திடீரென்று ஒரு ரோஸ் மதில் எழும்பியதைக் கண்டு கொக்கு காற்றிலேயே தடுமாறினாள். பந்து அவள் கையிலிருந்து நழுவி, மாமியாரின் கட்டிய கைகளுக்குள் வந்து உட்கார்ந்தது. மணி அடித்தது.

கோப்பை கொடுத்த பிறகு மாப்பிள்ளை கைகுலுக்கப் போனார். மேனேஜர் பெஞ்சின் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எட்டு வருஷமாக் கூட வேலை பாக்கறாங்க. ஒருத்தர்கூட சொல்லலையே."

"நீங்க கேட்டதில்லையா சார்?"

"திட்டுங்கன்னு எப்படிங்க போய்க் கேக்கறது?"

தன்னை யாரும் அனுமதி கேட்டுக்கொண்டு திட்டியதாக மாப்பிள்ளைக்கு நினைவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டிலை வாங்கித் திறந்து கொடுத்தார். கொஞ்ச தூரத்தில் இன்ஷூரன்ஸ் பெண்கள் ஐவரும் தோற்ற வருத்தமே இல்லாமல் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

வேனில் திரும்பும்போது கடைசித் தடுப்பைப் பற்றிச் சண்டை ஆரம்பித்தது. தான் ஏமாந்ததே நடுவள் வருவாள் என்ற தைரியத்தில்தான் என்றாள் மூத்தவள். "அப்ப ஏமாறாம இருந்திருக்கலாமே" என்றாள் நடுவள். சின்னவள் தான் விட்டுவந்த ஆளைப் பற்றி யாருமே பேசவில்லை என்று முறையிட்டாள். மாப்பிள்ளை சாலையைப் பார்த்து ஓட்டினார். இனி கொஞ்ச நாளைக்குத் தன் முறை வராது என்று பட்டது.

"ஆனா அத்தை எடுத்து வெச்சாங்க பாரு ஒரு அடி" என்றாள் நடு மருமகள். "அதான் மேட்ச்சே. கரெக்டா எப்படி அத்தை தெரிஞ்சுது உங்களுக்கு?"

எல்லாரும் மாமியாரைப் பார்த்தார்கள். அவர் மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"கால் மரத்துப் போச்சுடி" என்றார்.

முதலில் சின்னவள் சிரித்துவிட்டாள், அவளைப் பார்த்து மூத்தவள். சிரிப்பு அடங்குவதற்குள் வேன் ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குச் சேரவேண்டிய படுக்கை விரிப்புகள் உள்ளே இருந்தன. ஐந்து பேரும் இறங்கி, வரிசையாக நின்று, மூட்டைகளைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளே அனுப்ப ஆரம்பித்தார்கள்.