வைஷாலி வீட்டு டீ வடிகட்டி

சங்கராந்தி கழிந்த வெள்ளிக்கிழமை, சாங்வியில் அந்தக் குடியிருப்பின் நாலாவது மாடியில், மஞ்சள் குங்குமத்துக்கு அழைக்கும் வேலையை மராத்திக்கார வைஷாலி பக்கத்து வீட்டு ஏழு வயது தேஜஸ்வினியிடம் ஒப்படைத்தாள். அதுதான் வினை. மாடியில் இருக்கும் ஆன்ட்டிகளையெல்லாம் கூப்பிடு என்றால் பிள்ளை என்ன செய்யும்? வரிசையாக மணியடித்து, தன் வீட்டு மணியையும் அடித்து, அம்மா கோதையையும் முறையாக அழைத்துவிட்டது.

அதுவோ சுமங்கலிகளுக்கு மட்டுமான விசேஷம். கோதையின் கணவன் சின்னதுரை, லோஹேகாவ் விமானப்படைத் தளத்தில் இருந்தவன், மாரடைப்பில் போய் இரண்டு வருஷம். போன தடவை மாடியே பட்டுப்புடவையில் நடமாடியபோது, இவள் கதவைச் சாத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

எதிர்வீட்டுச் சரசா மாமிக்கு விஷயம் எட்ட ஐந்து நிமிஷம் ஆயிற்று. மாமிக்கு அது தாமதம்தான். வந்தாள். குழந்தை தெரியாமல் கூப்பிட்டுவிட்டது, போகாமல் இருப்பதே மரியாதை என்றாள். கோதை கொடுத்த டீயில் மிதந்த தூளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னாள். வடிகட்டியின் வலை கிழிந்து பல வருஷம். வாங்கத்தான் கை வரவில்லை.

மாமி போனதும் தேஜஸ்வினி பட்டுப்பாவாடையில் வந்து நின்றாள்.

"அம்மா, நான்தானே கூப்பிட்டேன். நீ வரலைன்னா எப்படி?"

கோதை புடவை மாற்றிக்கொண்டாள். அங்கே யாராவது தன்னை ஒதுக்கி, அதை மகள் பார்த்துவிடக் கூடாதே என்ற ஒரே பயத்தோடு போனாள்.

வைஷாலியின் மாமியார் குங்குமத் தட்டோடு ஒவ்வொருவராக வந்தாள். கோதையின் முன் விரல் நின்றுவிட்டது. தேஜஸ்வினி பார்த்துக்கொண்டிருந்தாள். கோதை ஓரடி பின்வாங்கினாள். முதுகில் ஒரு கை தடுத்தது.

"எங்கேடி போறே? நீ எனக்கு முன்னாடி வந்தவ. நில்லு," என்றாள் சரசா மாமி.

பிறகு, காய்கறிக்காரரே பயப்படும் தன் மராத்தியில், முழங்கால் விட்டுப்போகிறது, சட்டென்று வைத்துவிட்டு நகருங்கள் என்று கிழவியை அதட்டினாள். கிழவி வைத்துவிட்டாள். வைஷாலி எள்ளுருண்டையும், எல்லோருக்கும் போலவே ஒரு எவர்சில்வர் டீ வடிகட்டியும் கோதை கையில் கொடுத்தாள்.

மறுநாள் இந்தக் கதை கேட் வரை போகும். அதில் மாமியின் வீரம் இரண்டு மடங்காகியிருக்கும். ஆகட்டும். போகாதே என்று சொன்னதும் அதே வாய்தான் என்பதை கோதை ஒருவரிடமும் மூச்சுவிடப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து டீ போட்டாள். ஒரு தூள் இல்லை. ஒன்பது வருஷம் தூளோடு குடித்து, கடைசி வாயை மட்டும் சத்தமில்லாமல் துளசித் தொட்டியில் ஊற்றிய மனிதன் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல," என்று அவனிடம் சொல்லிவிட்டு, அடிவரைக்கும் குடித்தாள்.