நாற்பத்தாறு லைனில் ஒன்று

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த பெரியப்பா, துக்கத்துக்குப் போட்ட கூடார வாசலிலேயே குல்ஸாத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பெத்த அப்பனுக்கு ஒரு சத்தம் போட்டானா உன் தம்பி? அவன் நிக்க வேண்டிய இடத்துல போனை வச்சோம். வந்தவன் எல்லாம் அதையே பார்த்தான். வெளியூர்ச் சொந்தமெல்லாம் அதுல அழுதுச்சு, இவன் மட்டும் கல்லு மாதிரி கிடந்தான். ரஷ்யாவுக்குப் போனதும் கண்ணீரும் வத்திப்போச்சா?"

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல பெரியப்பா."

துக்கத்துக்கு ஆள் வரும்போதெல்லாம் மகன் வாசலில் கோலூன்றி நின்று வாய்விட்டு அலற வேண்டும். நாரின் என்ற இந்த மலையூர்ப் பக்கத்தில் அலறாதவனை யாரும் மகனாக மதிப்பதில்லை. மேஸ்திரி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டதால் தம்பி மிர்லானால் ரஷ்யாவின் கசானிலிருந்து வரமுடியவில்லை. அதனால்தான் குல்ஸாத் தான் வேலை பார்க்கும் போன் கம்பெனி சர்வரில் கான்பரன்ஸ் போட்டாள். வெளியூர்ச் சொந்தங்களையும் சேர்த்து நாற்பத்தாறு லைன். போட்டுவிட்டு அவள் உள்ளே போய், மற்ற பெண்களோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடினாள்.

இப்போது லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள். சர்வர் பதிவில் மிர்லானின் லைனைத் தேடினாள்.

குரலைச் சுருக்கி அனுப்ப ஒவ்வொரு போனுக்கும் ஒரு முறை உண்டு, அதன் பெயர் கோடெக். சர்வர் அத்தனையையும் பிரித்து, கலந்து, அவரவர் கோடெக்கில் மறுபடி சுருக்கித் தரவேண்டும். லைன் கூடக்கூட பிராசசர் திணறும். சுமை தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினால், மாற்றுவதற்கு அதிகம் உழைப்பு வாங்கும் லைனின் குரலை நிறுத்திவிடு; அவருக்கு மற்றவர்கள் பேசுவது கேட்கட்டும், நிறுத்தியது தெரியவேண்டாம். இப்படி ஒரு விதியை எழுதி மேலாளரிடம் சபாஷ் வாங்கியவள் வேறு யாருமில்லை, குல்ஸாத்தேதான். பாழாய்ப்போன கெட்டிக்காரத்தனம்.

மிர்லானுடையது மலிவுப் போன், யாரும் வைத்திருக்காத கோடெக். சுமை ஏறியதும் முதலில் நின்றது அவன் குரல்தான். ஐம்பத்திரண்டு நிமிடம் அவன் குரல் சர்வர் வரை வந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு நொடிகூட வெளியே போகவில்லை.

போன் அடித்தது. மிர்லான். அவன் தொண்டை சுத்தமாகக் கட்டிப்போயிருந்தது.

"அக்கா, எல்லாருக்கும் கேட்டுச்சா? கூட வேலை செய்யறவங்க ஓடி வந்துட்டாங்கக்கா, அப்படிக் கத்தினேன்."

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். முடியவில்லை.

"கேட்டுச்சுடா. நல்லாக் கேட்டுச்சு."

"பெரியப்பா என்ன சொன்னார்?"

"அழுதார்டா."

"அது போதும்க்கா." கரகரத்த குரலில் சிரிக்கப் பார்த்தான். "நான் நல்ல மகனா இல்லையோன்னு பயந்துட்டே இருந்தேன். வசந்தத்துல பாஸ்போர்ட் கைக்கு வந்துடும். வந்ததும் முதல்ல பெரியப்பா வீட்டுக்குத்தான் போவேன்."

குல்ஸாத் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "வாடா" என்றாள்.