கயிற்றின் மறுமுனை

மணலில் ஒரு கோடு போகிறது, விரலால் இழுத்தது போல, சங்கு நகர்ந்து போன தடம், அதைப் பிடித்துக்கொண்டே போனால் சங்கு கிடைக்கும், எட்டுப் பாகம் ஆழத்தில் பச்சை வெளிச்சம், காதுக்குள் கடல் இரைகிறது, நெஞ்சில் தம்மைக் கட்டி வைத்திருக்கிறேன், இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், இடுப்பில் கயிறு, மேலே வள்ளத்தில் அதன் மறுமுனையைப் பிடித்திருப்பவன் கஸ்பார், என் பெண்டாட்டியின் தம்பி, சங்கு குளிக்கிறவன் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பான், அக்காள் தாலியாச்சே என்று அவன் கண்ணசர மாட்டான், வேறு எவனையும் நான் நம்பியதில்லை, கூடப் பிறந்தவனைக்கூட. கோடு நீள்கிறது, கையை நீட்டுகிறேன், அகப்படுவது சங்கு இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பி, குப்புறப் போட்டிருக்கிறார்கள், கீழே வெள்ளைத் தரை, துடைத்துப் போனவள் விட்ட ஈரக்கோடு, மூக்கில் குழாய், இதன் மறுமுனையில் எவன் இருக்கிறானோ தெரியாது, எனக்குப் பயம் அதுதான், கொரோனா இல்லை.

நோய் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள், எனக்கு வாசிக்கத் தெரியாது, தெரிந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், போயிருந்தால் கக்கூசுக்கு நடப்பதற்குள் ஏன் இப்படி இரைக்கிறது, மூச்சுப் பயிற்சி சொல்ல வருகிற பெண் மூன்று பந்து போட்ட டப்பாவைக் கொடுத்து நல்லா ஊதி விட்டுட்டு உறிஞ்சுங்க தாத்தா என்கிறாள், ஒரு பந்து அசைந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது, ஒன்றரை நிமிடம் கடலுக்கு அடியில் கிடந்தவனுக்குப் பந்து விளையாட்டு. இரைப்பு வரும்போதெல்லாம் பல்லைக் கடித்து, இருக்கிற தம்மையாவது போகவிடாமல் கட்டினேன், கட்டக் கட்டக் கண் இருட்டியது, கட்டிலுக்கு அடியில் சட்டி வைத்துவிடுகிறேன் என்றாள் பெண்டாட்டி, அன்றைக்கே முடிவு செய்தேன், கடல்வரைக்கும் என் காலால் நடக்க வேண்டும், இல்லையென்றால் இந்தக் கட்டில்தான் எனக்குக் கல்லறை.

கஸ்பார் வந்து நிலைப்படியில் நின்று நான் பல்லைக் கடித்துத் தம் கட்டுவதைப் பார்த்தான். மச்சான், நீரு இன்னும் கீழயே கெடக்கீரு, மேல வந்து மாசம் ரெண்டாச்சு, விடும். அவ்வளவுதான் சொன்னான். தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் நாங்கள் முதலில் செய்வது விடுவதுதானே, உதட்டைக் குவித்து, சீட்டியடிக்கிற மாதிரி, கடைசிச் சொட்டுவரைக்கும், பிறகுதான் வாங்குவோம், அந்தப் பெண்ணும் இதையேதான் ஒரு வாரமாகச் சொன்னாள், அவள் கயிறு பிடித்தவளா என்ன, கஸ்பார் சொன்னான், விட்டேன், நெஞ்சு இறங்கியது.

மறுநாள் காலையில் கயிற்றோடு வந்து என் இடுப்பில் கட்டினான், முடியலன்னா ஒரு இழு இழும், அப்படியே உக்காந்துக்கிடலாம், திரேஸ்புரம் தெருவே வேடிக்கை பார்த்தது, மாட்ட எங்க ஓட்டிட்டுப் போற கஸ்பாரு என்று அருளாயி கேட்டாள், சந்தைக்குக் கொண்டு போனா எவன் வாங்குவான், குளிப்பாட்டத்தான் என்றான். விட்டு, வாங்கி, பத்து எட்டு வைத்து, நின்று, விட்டு, வாங்கி, வீடுகள் முடிந்தன, காலுக்குக் கீழே மணல், பச்சை வெளிச்சம், காதுக்குள் இரைவது எந்தக் கடல், அன்றையதா இன்றையதா, நான் ஒருமுறைகூடக் கயிற்றை இழுக்கவில்லை.

கயிறு இழுபட்டது. ஒரு இழு. முப்பது வருடத்தில் முடியவில்லை என்கிற அந்த ஒற்றை இழு மேல்முனையிலிருந்து வந்ததே இல்லை. திரும்பினேன், கஸ்பார் மணலில் குந்தியிருந்தான், நெஞ்சில் கை, வாய் கரையில் போட்ட மீனாகத் திறந்து மூடியது. எனக்காகப் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவன், அவனுக்கும் அந்த நோய் வந்து போயிருக்கிறது, அக்காளிடம்கூட மூச்சு விடவில்லை. ஏம்ல சொல்லல என்றேன். கயிறு பிடிக்கிறவன் மூச்சு முட்டுதுன்னு சொன்னா, கீழ கெடக்கிறவன் என்ன மச்சான் செய்வான்.

கயிற்றைக் கை மாற்றி மாற்றிச் சுருட்டிக்கொண்டே அவனிடம் போனேன், அவன் என்னைத் தூக்கிய மாதிரியே, அவசரமில்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். மாப்ள, மேலதான் இருக்கோம், விடு. உதட்டைக் குவித்தான், நானும் குவித்தேன், இரண்டு கிழவர்கள் கடலைப் பார்த்துச் சீட்டியடித்தோம். வந்த வழியில் ஈரமணலில் இரண்டு பேர் கால்தடம், நடுவே கயிறு உரசிய கோடு, விரலால் இழுத்தது போல, அதைப் பிடித்துக்கொண்டே வந்தால் நாங்கள் கிடைப்போம்.