அத்தைக்குப் போட்ட பத்து

கோலாலம்பூரில் சுதந்திரக் கொடி ஏறிய மறு வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், காஜா பேராங் வட்டாரத்தில் அஞ்சலையின் வீட்டு வாசலில் மூன்று சக்கரத் திரிஷா வண்டி ஒன்று வந்து நின்றது. கோகிலா இறங்கினாள். துணியில் சுற்றிய கனமான எதையோ அணைத்துத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து அவிழ்த்தாள். பக்கவாட்டில் கைப்பிடி வைத்த கணக்கு மெஷின்.

“ஆபீஸ் சாமானை எதுக்கும்மா தூக்கிட்டு வந்தே?” என்றாள் அஞ்சலை.

“எங்க மேலதிகாரி துவான்கிட்ட கேட்டுத்தான் அத்தே. திங்கக்கிழமை கொண்டு போயிடுவேன்.”

கோகிலா அஞ்சலையின் மருமகள். லாரி கவிழ்ந்து மகன் இறந்த பிறகு, தாய் தகப்பன் இல்லாத அந்தப் பெண் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதும் கெரானி வேலை தேடிக்கொண்டு மாமியாரோடேயே இருந்துவிட்டாள். இப்போது அதே அலுவலகத்துத் தியாகு அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். அவனுக்குக் கோலாலம்பூருக்கு மாற்றல் வந்துவிட்டது. கோகிலா இதை மறைக்கவில்லை. ஆனால் சொன்ன அன்றைக்குப் பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

“பாலம் கட்ட இடம் பாக்கும்போது ஆபீஸ்ல இப்படித்தான் செய்வாங்க,” என்று கோகிலா தாளில் கோடு போட்டாள். “எது எவ்வளவு முக்கியமோ அதுக்கு அவ்வளவு எடை. பத்துன்னா ரொம்ப முக்கியம். அப்புறம் ஒவ்வொரு இடத்துக்கும் மார்க் போட்டு, எடையால பெருக்கிக் கூட்டணும். எதுக்கு மொத்தம் கூட வருதோ அந்த இடம்.”

“இங்க என்ன பாலம்?”

“இங்கயே இருக்குறதா, அவரைக் கட்டிக்கிட்டுப் போறதான்னு.”

கைப்பிடி கரகரவென்று சுற்றியது. மணி அடித்தது. இங்கேயே இருப்பதுதான் வெகுவாக ஜெயித்தது.

அஞ்சலைக்கு முதலில் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. பிறகு மருமகள் முகத்தைப் பார்த்தாள். அவள் தாளைப் பார்க்கவே இல்லை.

“எனக்கு எவ்வளவு எடை போட்டே?”

“பத்து.”

“உன் ஆசைக்கு?”

“ரெண்டு.”

அஞ்சலை எழுந்து அடுப்படிக்குப் போனாள். தேத்தண்ணிக்குத் தண்ணீரை வைத்துவிட்டு, அது கொதிக்கும் முன்பே திரும்பி வந்தாள்.

“எனக்கு ரெண்டைப் போடு.”

“மாட்டேன் அத்தே. அது பொய்க் கணக்கு.”

“உன் ஆசைக்கு ரெண்டு போட்டது மட்டும் மெய்க் கணக்கா?”

கோகிலா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். ரப்பரால் இரண்டை அழித்து ஒன்பது எழுதினாள். மறுபடி சுற்றினாள். அப்போதும் இங்கேயே இருப்பதுதான் மயிரிழையில் முந்தியது.

“பாலத்துக்கு ரெண்டே இடந்தானா? மூணாவது பாக்கக் கூடாதா?”

“எது அத்தே?”

“நானும் உங்ககூட வந்தா?”

சொன்ன பிறகுதான் அஞ்சலைக்கே பயம் வந்தது. கோகிலா பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூன்றாவது கோட்டைப் போட்டாள். மறுநாள் தியாகு வரட்டும் என்று அஞ்சலை சொல்லியனுப்பினாள்.

பக்கத்து வட்டாரமான தெங்கேராவிலிருந்து வந்த தியாகு நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அஞ்சலை சுற்றி வளைக்கவில்லை.

“தம்பி, இவளைக் கூட்டிட்டுப் போனா நானும் கூட வருவேன். யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க ஒண்ணும் இல்லம்மா. குவார்ட்டர்ஸ்ல ஒரு ரூம் உங்களுக்குத்தான்னு முதல் நாளே சொன்னேன். இவங்கதான் உங்ககிட்ட கேக்கவே கூடாதுன்னுட்டாங்க.”

அஞ்சலை மருமகளைப் பார்த்தாள்.

“உங்க பிள்ளை இருந்த வீட்டை விட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல அத்தே.”

“அவன் உன்னை விட்டுட்டுப் போனது வீட்டை நம்பியா? என்னை நம்பி.”

அதற்குமேல் யாரும் மெஷினைச் சுற்றவில்லை.

தை மாதம் கோயிலில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. பெண்ணைத் தாரைவார்க்க யார் இருக்கிறார்கள் என்று குருக்கள் கேட்டார். வெள்ளைச் சேலைக்காரி முன்னால் போகலாமா என்று யாரோ முணுமுணுத்தது அஞ்சலையின் காதில் விழுந்தது. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னே வந்தாள். கோகிலாவின் கையை எடுத்துத் தியாகுவின் கையில் வைத்தாள். தன் கையை விலக்கிக்கொள்ளத்தான் அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.