சிவப்புக் காருக்கு ஒரு நியாய விலை

அந்தக் காருக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் கேட்டார் எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை. கேட்டவருக்கு வாய் கூசவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கூசியது. ஆறு வருஷமாக அந்தச் சனியனைக் கழுவித் துடைத்து, அதன் அடியில் மல்லாந்து கிடந்து, முகமெல்லாம் எண்ணெய் வடிய ஓட வைத்தவன் நான். மடுல்சீமைத் தோட்டங்கள் முழுக்கத் தேடினாலும் அதன் உண்மையான விலை தெரிந்த ஆள் டிரைவர் பொன்னையாவைத் தவிர வேறு யாரும் கிடையாது.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்புப் பந்தயக் கார். ஜெர்மன் சண்டைக்கு முன்னால் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டு துரைமார் ஓட்டித் தேய்த்த பிறகு எங்கள் துரை மூன்றாவது கையாக வாங்கினார். அவர் அதை ஓட்டினார் என்று சொல்ல மாட்டேன், அடித்தார். ஒரு மழை நாளில் மதகில் கொண்டுபோய் மோதி முன் அச்சை வளைத்தார். ஃபாக்டரி உலையில் காய்ச்சி நிமிர்த்தினோம். அன்றைக்கும் ஏச்சு வாங்கியது நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்காம் வருஷம் துரை ஒரேயடியாகச் சீமைக்குத் திரும்பப் புறப்பட்டார். வெள்ளிக்கிழமை கப்பல். புதுத் துரை தன் டிரைவரைக் கூட்டிக்கொண்டே வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசியில் கார்க் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் அறையை நான் காலி செய்ய வேண்டும். பெண்சாதி அங்கம்மாவையும் மூன்று பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோய் வைப்பது? துரை கையெழுத்துப் போட்ட நற்சான்றுக் கடிதம் ஒன்று இருந்தால் வேறு தோட்டத்தில் வேலை கேட்கலாம். அதை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துரை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "கார் வித்தா காயிதம். தெரியுதா?"

தெரிந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னபடி, ஃபாக்டரியில் கூட்டி அள்ளிய தேயிலைக் கழிவுத்தூளைக் கிரீசோடு பிசைந்து கியர்ப் பெட்டிக்குள் அடைத்தவனும் நான்தான். அப்படி அடைத்தால் பல் தேய்ந்த கியரின் சத்தம் பத்து மைலுக்குக் கேட்காது. பதினோராவது மைலில் வாங்கினவன் பாடு.

வாங்க வந்தவர் தோட்டத்துக் கூலியாட்களை மேய்க்கும் எங்கள் பெரிய கங்காணி வீரசிங்கம். விலை பேசுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே என்னைத் தேடிக் கொட்டகைக்கு வந்தார்.

"பொன்னையா, எனக்கு இதப்பத்தி ஒன்னும் தெரியாது. நாளைக்கு தொரை முன்னால கேப்பேன். உள்ளத உள்ளபடி சொல்லிப்புடு. வண்டியோட ஒன்னையும் நானே எடுத்துக்கிறேன். மாசம் நாப்பது ரூவா."

இதை அங்கம்மாவிடம் சொன்னேன். "கங்காணி பேச்ச நம்பாதீங்க," என்றாள். "வாய மூடிக்கிட்டு நில்லுங்க. காயிதத்த வாங்கிக்கிட்டு வேற தோட்டம் பாப்போம்." நான் கேட்கவில்லை.

காலையில் கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக, அக்காள் மகன் அழகையாவைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்கு வந்தார். காரைச் சுற்றி வந்தார். மாட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல முன்பக்கத்தைத் தட்டினார். ஹாரனை இரண்டு தரம் அமுக்கினார். பிறகு துரை உட்காரும் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துரை உட்கார்ந்த சீட் என்பதற்காகவே நானூறு ரூபாயைக் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்க மனுஷன் தயாராக இருந்தார். இந்த ஒரு நினைப்பால்தான் நாம் உருப்படாமல் போகிறோம்.

துரை பங்களா முன்னால் சமமான இடத்தில் நாலு தரம் ஓட்டிக் காட்டினார். சத்தமே இல்லை. எப்படி இருக்கும்?

"ஆயிரத்து நானூறு ஜாஸ்திங்க தொரைகளே," என்றார் கங்காணி.

"டிரைவரை கேளு," என்றார் துரை. "ஆறு வருஷம். அவன் சொல்லும்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். துரை என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய பொய்யை என் வாயில் வைத்துவிட்டு, அது வெளியே வரும் என்று அத்தனை நிச்சயமாக நின்றார்.

"எழுநூறு பெறுங்க," என்றேன். "இஞ்சின் நல்ல இஞ்சின், அதுல கொற சொல்ல முடியாது. ரெண்டு டயர் புதுசு. ஆனா கியர்ப் பெட்டியில பல்லு இல்ல. சத்தம் கேக்காம இருக்க தேயிலத்தூள் அடச்சிருக்கு, அடச்சது நான்தான். முன் அச்சு வளைஞ்சு நிமித்தினது. கால் பிரேக் பேருக்குத்தான் இருக்கு. கொழும்புல குடுத்து சரி பண்ண ஐநூறாவது வேணும். எழுநூறுக்கு மேல குடுத்தா நட்டம்."

துரை சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார், நாலாகக் கிழித்தார், துண்டுகளை மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு பேரம் நடந்தது. நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, தானே கண்டுபிடித்தது மாதிரி துரை முன்னால் வைத்தார் கங்காணி. வெள்ளிக்கிழமை கப்பல் ஏற வேண்டிய மனுஷன் எவ்வளவு நேரம் தாங்குவார்? எழுநூற்று இருபதுக்கு முடிந்தது. கங்காணிக்கு அறுநூற்று எண்பது ரூபாய் மிச்சம். அவர் சொன்ன கணக்கில் எனக்குப் பதினேழு மாதச் சம்பளம்.

நான் சாவியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். கங்காணி கையை நீட்டினார்.

"சாவிய அழகையாகிட்ட குடு. அவன் லொறி ஓட்டினவன்."

"நேத்து நீங்க சொன்னீங்களே, கங்காணி ஐயா."

"சொன்னேன். இல்லேங்கல." அவர் குரலில் கோபமில்லை, வெட்கமும் இல்லை. "ஆறு வருசம் சோறு போட்ட தொரைய அவர் வாசல்லயே வச்சு காட்டிக் குடுத்திட்ட. நாளைக்கு என் வாசல்ல நீ என்ன பேசுவேன்னு நான் பயந்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"அப்ப நான் பொய் சொல்லியிருந்தா?"

கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனை உண்மையானதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

"ஆயிரத்து நானூறு குடுத்து ஏமாந்திருப்பேன். ஆனா ஒன்ன வேலைக்கி வச்சிருப்பேன்."

அந்த முகத்தில் ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. சாவியைக் கொடுத்தேன். அழகையா ஏறி உட்கார்ந்து, வராத கியரை இழுத்து இழுத்துப் பார்த்தான். பக்கத்தில் கங்காணி கோட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்கள் பசறை இறக்கத்தில் போக வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். நாசமாகப் போங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே.

"டேய் அழகையா," என்றேன். "எறக்கத்துல ரெண்டாம் கியர் தானா கழண்டுக்கும். ஒரு கையால அத அமுக்கிப் புடிச்சுக்க. கால் பிரேக்க நம்பாத. வளைவுக்கு முன்னாலயே கை பிரேக்க போடு."

அவன் தலையாட்டினான். கார் நகர்ந்தது. கங்காணி அவன் பக்கம் சாய்ந்து, எனக்கும் கேட்கும்படி, "நல்ல மனுசன்டா," என்றார்.

நல்ல மனுஷனுக்கு மாதம் என்ன சம்பளம் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.