ஏற்றத்தில் இறங்குகிறவள்

ஊரில் யார் வண்டி அடிபட்டாலும் அதன் தலையெழுத்தை எழுதுவது சர்வேயர்தான். காப்பீட்டு நிறுவனம் அவரை அனுப்பிவைக்கும். அவர் போய் நசுங்கிய பானெட்டைத் தட்டிப் பார்ப்பார், அடியில் படுத்து எட்டிப் பார்ப்பார், எழுந்து சட்டையை உதறிக்கொண்டு, "இதுக்குச் செலவு பண்றது தண்டம். பழைய இரும்புக்குப் போட்டுடுங்க" என்பார். சொந்தக்காரர்கள் சிலர் கண் கலங்குவார்கள். இவர் கலங்கமாட்டார். இரும்பின்மேல் பாசம் வைப்பது புத்தியுள்ளவன் செய்கிற காரியமில்லை என்பது அவர் கட்சி. அலுவலகத்தில் அவருக்குக் 'கைகழுவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

தொழிலில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. விபத்து எப்படி நடந்தது என்று ஓட்டினவரிடம் கேட்கவே மாட்டார். ஓட்டினவர் என்றைக்கு உண்மை சொல்லியிருக்கிறார்? குறுக்கே வந்த நாயில் ஆரம்பித்துச் சாலை போட்ட குத்தகைக்காரர்வரை எல்லார்மேலும் பழி போடுவார், தன்னைத் தவிர. சர்வேயர் பக்கத்து இருக்கையில் இருந்தவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க சொல்லுங்க, உள்ள என்ன நடந்துச்சு?" என்பார். அந்த ஒரு கேள்வியில் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை அவர் வகுப்பு எடுக்காத குறைதான்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலில், அவர் கல்யாணத்தைவிட வயதில் மூத்த ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. வெண்ணெய் நிறம், உருண்டை முதுகு, வட்ட விளக்குகள். வேறு யாராவது அதைக் காட்டி மதிப்புக் கேட்டிருந்தால், கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் இரும்புக்கடைக்கு அனுப்பியிருப்பார். ஆனால் இது சொந்தக் காராயிற்றே. சொந்தக் காருக்குச் சட்டம் வேறு.

காருக்கு ஒரே ஒரு குறை. மச்சினி வீட்டு மேட்டில் ஏறாது.

மனைவியின் தங்கை வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. இரண்டு வளைவு, செங்குத்தான சாலை. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே சாப்பாடு. இரண்டு பேரோடு ஏறினால் கார் முதல் வளைவிலேயே இருமி, குலுங்கி, நின்றுவிடும். அதனால் மேட்டடி வந்ததும் சர்வேயர் ஓரங்கட்டுவார். மனைவி ஒரு வார்த்தை பேசாமல் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். இவர் மட்டும் முதல் கியரில், ஊரையே எழுப்புகிற உறுமலோடும் புகையோடும் ஏறி உச்சிக்குப் போவார்.

உச்சியில் கேட்டைப் பிடித்துக்கொண்டு சகலை நிற்பார். அவரிடம் இருந்தது சின்னப் புதுக் கார். குளிர்சாதனப் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும் என்பது சர்வேயர் கணிப்பு. ஆனால் அது அந்த மேட்டில் சத்தமே இல்லாமல் ஏறித் தொலைத்தது.

"வாங்க சகலை! அண்ணி எங்க, பார்சல்ல வர்றாங்களா?"

சர்வேயர் அசடு வழிவார். கொஞ்ச நேரத்தில் மனைவி நெற்றி வியர்வையோடு வளைவில் தலை காட்டுவாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும். கட்டினவளை வெயிலில் நடக்கவிட்டுக் காரை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிற மனிதனை வேறு என்னவென்று சொல்வது? இதற்கு ஒரு முடிவு கட்டியே ஆகவேண்டும் என்றுதான் அவர் மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக்குக் குஷி தாங்கவில்லை. அடுத்தவர் பணத்தில் எஞ்சின் பிரிப்பதைவிட அவருக்கு இன்பமான காரியம் உலகத்தில் இல்லை.

"மூணு வழி இருக்கு சார். ரிங் மாத்தி, பிரேக்கைப் பாத்துட்டு விட்டா, புகை நிக்கும், அவ்ளோதான். கொஞ்சம் தாராளமா போனா பெரிய பிஸ்டன், இரட்டை கார்புரேட்டர் போடலாம். இல்ல, முழுசா இறங்கிட்டீங்கன்னா, எஞ்சினையே புதுசா கட்டிடலாம். ஆனா எஞ்சினுக்குப் பலம் வந்துட்டா பழைய கிளட்ச் தாங்காது. கிளட்சை மாத்தினா கியர்பாக்ஸ் கோச்சுக்கும்."

"அப்ப அதையும் மாத்தணுமா?"

"நான் சொல்லல சார். நீங்களே சொல்லிட்டீங்க."

வேறொருவர் கார் என்றால் சர்வேயர் இந்த மெக்கானிக்கை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். இப்போதோ, காது குத்தப்படுவது தெரிந்தும் தலையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டில் ஒரே ஒரு சேமிப்புதான் இருந்தது, கூரைக்கென்று எடுத்து வைத்தது. படுக்கையறையில் ஒரு மூலை ஒழுகியது. மழை வந்தால் அங்கே ஒரு வாளி வைப்பார்கள். முதல் வழிக்கு அந்தப் பணத்தில் கொஞ்சம் போகும். மூன்றாவது வழிக்கு மொத்தமும் போய்விடும். அப்புறம் வாளி நிரந்தரம்.

"என்ன செய்யலாம்?" என்று மனைவியிடம் கேட்டார். ஆழம் பார்க்கிற குரல்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட ஏன் கேக்குறீங்க? ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் நீங்கதானே முடிவு சொல்றீங்க."

"உனக்காகத்தான் யோசிக்கிறேன். நீ அந்த மேட்டுல நடக்கறதைப் பாக்க எனக்குக் கஷ்டமா இருக்கு."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்து, அப்படியே விட்டுவிட்டுப் போர்வையை உதறினாள். உருகிவிட்டாள் என்று சர்வேயர் எடுத்துக்கொண்டார். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கீறல் தேடுகிற மனிதர், எதிரே இருந்த முகத்தைப் பார்க்கவில்லை.

மெக்கானிக் அடுத்த தூண்டிலைப் போட்டார். அவரிடமே அதே மாடல் கார் ஒன்று இருந்தது, மூன்றாவது வழியில் எஞ்சின் கட்டியது. "ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போங்க சார். ஒரு மேட்டுல ஏத்திப் பாருங்க. அப்புறமா சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மேட்டடி வந்தது. மனைவி வழக்கம்போல் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சர்வேயர் நிறுத்தவில்லை. "இப்ப பாரு!" என்று மிதித்தார். அவள் ஏதோ சொன்னது எஞ்சின் சத்தத்தில் அடிபட்டுப்போயிற்று. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, உச்சி. கேட்டருகே சகலை வாய் பிளந்து நின்றார். வீட்டுக்குள் போனதும் சர்வேயர் அவருக்குப் பிஸ்டனின் குறுக்களவிலிருந்து ஆரம்பித்தார். சாப்பாட்டில் உப்பு இருந்ததா இல்லையா என்றுகூட அவருக்குத் தெரியாது.

மனைவி மட்டும் உம்மென்று இருந்தாள். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று மச்சினி கேட்டபோதுதான் சர்வேயர் திரும்பிப் பார்த்தார். கொளுத்தும் வெயிலில் நடந்துவந்த நாட்களிலெல்லாம் பளிச்சென்று இருந்த முகம், காரில் சொகுசாக ஏறி வந்த நாளில் வாடிக் கிடந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

திரும்பும்போது மேட்டடியில் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கடைசியில் தொழில் வார்த்தைதான் வாயில் வந்தது.

"நீ சொல்லு. உள்ள என்ன நடந்துச்சு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என்ன அடிபட்ட வண்டியா?" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கோச்சுக்காதீங்க. எனக்கு அந்த மேட்டுல நடக்கப் பிடிக்கும்" என்றாள்.

"வெயில்லயா?"

"வெயில்லதான். வீட்டை விட்டுக் கிளம்பினா இங்க வர்ற வரைக்கும் நீங்க என்ன பேசறீங்க? அந்தச் சத்தம் கேட்டியா, இந்தச் சத்தம் கேட்டியா, டக் டக்னா டாப்பெட், கிரீச்னா ஃபேன் பெல்ட். டாப்பெட்னா என்னன்னு எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகணும்? இங்க எறங்கினப்புறம்தான் எல்லாம் அடங்கும். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, நான் யாருக்கும் பதில் சொல்ல வேணாம். நான் பாட்டுக்கு நடப்பேன். அதுக்காகத்தான் மாசாமாசம் கிளம்பி வர்றேன்."

"தங்கச்சியைப் பாக்க இல்லையா?"

"அவகூடத்தான் தினமும் போன்ல பேசறேனே."

சர்வேயர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நடையைக் குறைக்கத்தான் கூரைப் பணம் மொத்தத்தையும் கொட்டப் பார்த்தார். இத்தனைக்கும் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு நடைதான்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஊரில் இருக்கிற பக்கத்து இருக்கைகளையெல்லாம் விசாரித்த மகானுபாவன், தன் பக்கத்து இருக்கையை மட்டும் விட்டுவிட்டான்.

மறுநாள் மெக்கானிக்கின் காரைத் திருப்பி விட்டுவிட்டு, தன் காரின் சாவியை நீட்டினார். "ரிங் மாத்துங்க, பிரேக் பாருங்க. போதும்."

"அப்ப மேடு சார்?"

"ஏற வேணாம்."

"புரியல சார்."

"ரெண்டு பேரோட அந்த மேட்டுல ஏறிடக் கூடாது. அதை மட்டும் கவனமா பாத்துக்கங்க."

இத்தனை வருடத் தொழிலில் இப்படி ஒரு உத்தரவை மெக்கானிக் கேட்டதில்லை. சாருக்கு மனசு சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார். மிச்சப் பணம் கூரைக்குப் போயிற்று. வாளி குளியலறைக்குத் திரும்பியது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு, மேட்டடி. புகை இல்லாமல் கார் நின்றது. மனைவி பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு இறங்கி நடக்கத் தொடங்கினாள். சர்வேயர் கியரில் கையை வைத்தார், எடுத்தார். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"நானும் வரட்டுமா?"

அவள் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தாள். காரை இப்படித்தான் அவர் பார்ப்பார்.

"வாயைத் திறக்கக் கூடாது."

தலையாட்டினார். நடந்தார்கள். முதல் வளைவிலேயே அவருக்கு மூச்சு வாங்கிற்று. இந்த விஷயத்தில் காரும் அவரும் ஒரே ரகம். மேலே போனால் சகலை, கார் எங்கே, பார்சலில் வருகிறதா என்று கேட்பார். கேட்கட்டும். மதில்களுக்குமேல் மரங்கள் சாய்ந்திருந்தன. ஒரு வீட்டில் யாரோ தப்புத் தப்பாகப் பியானோ பழகிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ தடவை இந்த வழியாக ஏறியிருக்கிறார், இது எதுவும் அவர் காதில் விழுந்ததில்லை.

பின்னால் ஒரு பழைய லாரி ஏறி வந்தது. எஞ்சினுக்குள் யாரோ கரண்டியால் தட்டுகிற மாதிரி 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம். சர்வேயரின் காது தானாகவே நிமிர்ந்தது. வாய் பாதி திறந்துவிட்டது. மனைவியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். வந்த வார்த்தையை மென்று விழுங்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

லாரி அவர்களைத் தாண்டி, வளைவில் திரும்பி மறைந்தது. இரண்டு பேரும் பேசாமல் நடந்தார்கள்.

"டாப்பெட்தானே அது?" என்றாள் அவள்.